போஸ்ட்பெய்டு பில் எகிறிவிட்டதா? எந்த வரியில் ஏறியது, என்ன காரணம், யாரிடம் கேட்பது

கோவில்பட்டியில் ரீசார்ஜும் செல்போன் சர்வீஸும் பார்க்கிற சின்னக் கடை எங்களுடையது. உடைந்த டிஸ்ப்ளேயோடு வருகிறவர்களுக்கு அடுத்தபடி அதிகம் வருகிறவர்கள், கையில் பில்லோடு வருகிறவர்கள்தான். "அண்ணாச்சி, மாசம் அறுநூறு கட்டுவேன். இந்த மாசம் மூவாயிரத்துச் சொச்சம் போட்டிருக்கான். கஸ்டமர் கேர்ல கேட்டா என்னென்னமோ சொல்றாங்க" என்பார்கள்.

பில்லை நாங்கள் போடுவதில்லை, குறைக்கிற அதிகாரமும் எங்களுக்கு இல்லை. ஆனால் இத்தனை பில்லைப் பிரித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. தோற்றுப்போகிறவர்கள் எல்லாரும் மொத்தத் தொகையோடு சண்டை போடுகிறார்கள். "ஏன் இவ்வளவு வந்தது?" என்று கேட்டால் "யூஸ் பண்ணியிருக்கீங்க சார்" என்று ஒரே பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "14ஆம் தேதி ராத்திரி 2.10-க்கு 99 ரூபாய் எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் செல்லாது, அவர்கள் திரையில் எதையாவது தேடியே ஆக வேண்டும். அதனால் இங்கே எல்லாமே வரி வரியாகத்தான்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

முதலில், பில் நிஜம்தானா? "பாக்கி கட்டாவிட்டால் இன்று இரவு சிம் கட்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கோ, இன்ஸ்டால் பண்ணச் சொல்லி ஒரு ஆப் கோப்போ வந்தால் அதைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் ஆப்பை நீங்களாகத் திறந்து தொகையைப் பாருங்கள். அங்கே அந்தத் தொகை இல்லையென்றால் வந்தது மோசடி, பில் அல்ல. பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

பில் நிஜம் என்றால் அடுத்த வேலை ஆட்டோபே. கார்டிலோ யுபிஐயிலோ தானாகப் பணம் எடுக்கும்படி வைத்திருந்தால், இழுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸை நாம் யாரும் படிப்பதில்லை. யுபிஐ ஆப்பில் மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) பகுதிக்குப் போய் இடைநிறுத்தி வையுங்கள். கையில் இருக்கிற பணத்துக்கு வாதாடுவது சுலபம், போன பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு வேலை. இது என் சொந்த அனுபவம். சில வருடம் முன்னால் என் எண்ணுக்கே 3,870 ரூபாய் பில் வந்தது. கார்டிலிருந்து தானாகப் போன பிறகுதான் பார்த்தேன். தப்பு அவர்களுடையது என்று ஒத்துக்கொள்ள வைத்து, பணம் அடுத்தடுத்த பில்லில் கழிந்து முடிய மூன்று மாதம் ஆனது.

மூன்றாவது, விவரப் பில். எஸ்எம்எஸ்ஸில் வருவது வெறும் தொகை. மெயிலில் வருகிற பிடிஎஃப்பிலும் பல நேரம் சுருக்கம்தான் இருக்கும். ஒவ்வொரு அழைப்பும், எஸ்எம்எஸ்ஸும், டேட்டாவும் தேதி நேரத்தோடு வருகிற பில்லை ஆப்பிலிருந்து இறக்குங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். போன மாதப் பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்த மாதம் புதிதாக முளைத்திருக்கிற வரிக்குக் கீழே கோடு போடுங்கள். பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே விடை கிடைத்துவிடும்.

அறிகுறி 1: நூறு, இருநூறு, முந்நூறு மட்டும் கூடியிருக்கிறது

பெரும்பாலும் இது தவறில்லை, கணக்குதான். ஆனாலும் பார்த்துவிடுங்கள்.

*இது முதல் பில்லா, அல்லது நடுவில் பிளான் மாற்றினீர்களா?* சில நிறுவனங்கள் வாடகையை முன்கூட்டியே போடும். 18ஆம் தேதி 499 ரூபாய் பிளானில் சேர்ந்து, 1ஆம் தேதி பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். போன மாதத்தின் 13 நாளுக்கு 216.23 ரூபாய், வருகிற மாதத்துக்கு முழு 499, ஆக 715.23. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 843.97. "499 பிளான்னு சொல்லி 844 போட்டுட்டான்" என்று கோபமாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் கதை இதுதான். அடுத்த மாதம் 588.82-க்கு இறங்கிவிட்டால் விட்டுவிடலாம். இறங்கவில்லை என்றால் புகார்.

*தள்ளுபடி முடிந்துவிட்டதா?* "முதல் ஆறு மாதம் 100 ரூபாய் குறைவு" என்று கொடுத்திருப்பார்கள். போன பில்லில் மைனஸ் போட்டு ஒரு வரி இருந்து, இந்தப் பில்லில் அது இல்லையென்றால் காரணம் அதுதான். சேரும்போது வந்த எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ "ஆயுள் முழுக்க" என்று சொன்னால் மட்டும் சண்டைக்கு இடமிருக்கிறது. கடைப் பையன் வாயால் சொன்னதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

*தாமதக் கட்டணம், போன பாக்கி.* கட்டியும் பாக்கி காட்டினால், யுபிஐயில் பணம் போனதற்கான யுடிஆர் எண்ணை எடுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். பழைய எண்ணுக்கோ மச்சான் எண்ணுக்கோ கட்டிவிட்டு வந்து நிற்கிறவர்களும் உண்டு.

*எஸ்எம்எஸ்.* பல பிளான்களில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் காசு. ஐபோன் வைத்திருக்கிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் எண்ணைச் சரிபார்க்க, உங்களுக்குத் தெரியாமலே வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். பில்லில் அது +44 என்று தொடங்கும் பிரிட்டன் எண்ணாக நிற்கும். எதிர்த்தெரு டீச்சர் ஒருவர் பில்லில் ஒரே மாதத்தில் பதினொரு தடவை இருந்தது. "எனக்கு லண்டன்ல யாரு இருக்கா?" என்று பதறிவிட்டார். போனில் சிம் லூசாக இருந்திருக்கிறது. சிம் விட்டு விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் போன் எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஐமெசேஜ் தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். இதற்குப் பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் எஸ்எம்எஸ் நிஜமாகவே போயிருக்கிறது.

அறிகுறி 2: கேட்காத சேவைக்கு வாராவாரம் காசு

29, 49, 99 என்று ஒரே தொகை ஏழு நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறதா? பெயர் 'கேம்ஸ்', 'வீடியோ', 'ஜோதிடம்', 'காலர் டியூன்' மாதிரி ஏதாவது இருக்கும். மதிப்புக் கூட்டுச் சேவை என்று இதைச் சொல்வார்கள். வாடிக்கையாளர் பக்கம் சட்டம் வலுவாக இருக்கிற இடம் இது, அதனால் கொஞ்சம் நின்றே சொல்கிறேன்.

காரணங்களில் எளியது, வீட்டுக் குழந்தை. விளையாட்டின் நடுவே வருகிற விளம்பரத்தில் பச்சைப் பொத்தானை அமுக்கியிருக்கும். அடுத்தது, ப்ளே ஸ்டோரில் வாங்குகிற பொருளை போன் பில்லில் சேர்க்கிற வசதி. சில நிறுவனங்களில் இது உண்டு. ப்ளே ஸ்டோரில் பணம் செலுத்தும் முறைகளைத் திறந்து, உங்கள் நிறுவனத்தின் பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள். மூன்றாவது, பிளானோடு இலவசமாக வந்த ஓடிடி சந்தா காலம் முடிந்து, காசு வாங்கத் தொடங்கியிருக்கும். இந்த மூன்றும் இல்லையென்றால், யாரும் கேட்காமலே போட்டிருக்கிறார்கள்.

என்ன செய்வது? 155223 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஸ்டாப் என்று டைப் செய்து எஸ்எம்எஸ் அனுப்புங்கள், அல்லது அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். எல்லா நிறுவனத்துக்கும் அதே எண்தான், காசு கிடையாது. எந்தெந்தச் சேவை ஓடுகிறது என்று பதில் வரும், அதிலிருந்தே நிறுத்தலாம். நிறுத்துவதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நிறுத்தின பிறகு "அப்படி ஒரு சேவையே உங்க நம்பர்ல இல்லையே சார்" என்று சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் பணத்தைக் கேளுங்கள். இந்த மாதிரிச் சேவையைத் தொடங்க வாடிக்கையாளரிடம் இரண்டு தனித்தனிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2013-இல் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவு போட்டிருக்கிறது. ஒருமுறை கேட்டு, அதற்குப் பிறகு நிறுவனம் தன் பங்குக்கு இன்னொரு முறை உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே "நான் கேட்கவே இல்லை" என்று சொல்வதோடு நிற்காதீர்கள். இப்படிக் கேளுங்கள்: "என் இரண்டாவது சம்மதம் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வழியில் வந்தது? அந்தப் பதிவைக் காட்டுங்கள்." எங்கள் கடையில் பார்த்தவரை, இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சத்தமில்லாமல் பணம் திரும்ப வந்துவிட்டது. தாமதிக்காதீர்கள். மூன்று மாதம் பேசாமல் கட்டிவிட்டு நான்காவது மாதம் கேட்டால், "மூணு மாசம் தெரியாதா சார்?" என்பார்கள்.

அறிகுறி 3: டேட்டா வரி மட்டும் வீங்கியிருக்கிறது

உங்கள் பிளானில் டேட்டா முடிந்தால் என்ன ஆகும் என்று முதலில் பாருங்கள். சில பிளானில் வேகம் நத்தையாகிவிடும், காசு ஏறாது. சில பிளானில் ஜிபிக்கு இவ்வளவு என்று ஏறும். ஜிபிக்கு 20 ரூபாய் என்றால், 8 ஜிபி தாண்டினால் 160, ஜிஎஸ்டியோடு 188.80. பெரிய தொகை வருவது இங்கே அபூர்வம். உள்நாட்டு டேட்டாவுக்கு ஆயிரக்கணக்கில் வந்திருந்தால், உங்களுக்குத் தெரியாமல் பிளான் மாறியிருக்கிறதா, பேக் புதுப்பிக்கப்படாமல் போனதா என்று பாருங்கள்.

போனில் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்து, பில் தொடங்கும் தேதியை அங்கே அமைத்துவிட்டால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று தெரியும். வழக்கமான ஆசாமிகள் மூன்று பேர். வைஃபை சிக்னல் குறைந்தால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வசதி, மொபைல் டேட்டாவிலேயே ஓடும் போட்டோ பேக்கப், ஹாட்ஸ்பாட்டில் இணைந்த லேப்டாப்பின் விண்டோஸ் அப்டேட். கடைசி ஆள்தான் பெரிய தீனிக்காரர். பையன் அரை மணி நேரம் ஹாட்ஸ்பாட் வாங்கினான் என்று அப்பா சொல்வார். அந்த அரை மணி நேரத்தில் லேப்டாப் நாலு ஜிபி இழுத்திருக்கும்.

போன் காட்டுகிற அளவுக்கும் பில்லுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பது இயல்பு. பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தால், இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துப் புகார் செய்யுங்கள். "ராத்திரி ரெண்டு மணிக்கு நான் தூங்கிட்டிருந்தேன், எப்படி டேட்டா ஓடும்?" என்ற வாதம் நிற்காது. நீங்கள் தூங்கினாலும் போன் தூங்குவதில்லை. பில்லில் இருக்கும் நேரம் இணைப்பு தொடங்கிய நேரமாகவும் இருக்கலாம்.

டேட்டாவே வேண்டாம் என்கிற பெரியவர்கள் 1925-க்கு ஸ்டாப் என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பினால் நிறுவனப் பக்கமிருந்தே அடைத்துவிடுவார்கள். திரும்ப வேண்டுமானால் ஸ்டார்ட். இதற்கும் காசு இல்லை.

அறிகுறி 4: வெளிநாடு போய்வந்த பிறகு பில் பல ஆயிரம்

*பேக் போட்டிருந்தேன், ஆனாலும் வந்திருக்கிறது.* பேக் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதில் அடங்கும் நாடுகள், இந்த மூன்றையும் பில்லோடு ஒப்பிடுங்கள். துபாய்க்குப் பேக் போட்டவர் வழியில் வேறொரு நாட்டு விமான நிலையத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அந்த நாடு பேக்கில் இருக்காது. பேக் தீர்ந்த பிறகும், பேக் இல்லாத இடத்திலும் எம்பி கணக்கில் காசு ஏறும். வாட்ஸ்அப்பில் நாலு வீடியோ தானாக இறங்கினால் போதும். ரோமிங்கில் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு என்பதை மறந்துவிடுவார்கள்.

*விமானத்தில் அல்லது கப்பலில்.* சில விமானங்களிலும் சொகுசுக் கப்பல்களிலும் தனி மொபைல் நெட்வொர்க் உண்டு. ஏரோப்ளேன் மோடு போடாமல் தூங்கினால், ரோமிங் இருக்கிற போன் அதைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண நாட்டுப் பேக் அதற்குச் செல்லாது.

*திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து வருகிறது.* வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து கணக்கு வந்து சேரத் தாமதமாகும் என்பதால், ரோமிங் வரிகள் அடுத்த பில்லிலும் வரலாம். தேதியைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் அந்த நாட்டில் இல்லாத தேதியில் வரி இருந்தால் பாஸ்போர்ட்டில் இருக்கிற குடியேற்ற முத்திரையின் நகலை இணைத்துப் புகார் போடுங்கள். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. நேரம் முன்னே பின்னே இருந்தால் அவசரப்படாதீர்கள், அந்த நாட்டு நேரப்படி பதிவாகியிருக்கும்.

*வெளிநாடே போகவில்லை, ஆனால் ரோமிங் வந்திருக்கிறது.* நம் ஊர்ப்பக்கம் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை போயிருக்கிறீர்களா? அங்கே நிற்கும்போது இலங்கை டவர் சிக்னல் பிடித்து, போன் "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று எஸ்எம்எஸ் காட்டுவது எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. சர்வதேச ரோமிங் அடைபட்டிருந்தால் அது வேடிக்கையோடு போய்விடும். எப்போதோ ஒரு சிங்கப்பூர்ப் பயணத்துக்குத் திறந்துவிட்டு மூடாமல் விட்டிருந்தால் செலவு. சாயல்குடியிலிருந்து வந்த ஒரு அண்ணாச்சியின் பில்லில், குடும்பத்தோடு ராமேஸ்வரம் போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இருபது நிமிட இடைவெளியில் மூன்று டேட்டா வரிகள். அன்றைய போட்டோக்களும், ராமேஸ்வரம் ஓட்டல் பில்லும், அன்று மாலையே இந்திய டவரில் அவர் பேசிய அழைப்பும் சேர்த்து அனுப்பினோம். இரண்டாவது முறை எழுதியபோது நல்லெண்ண அடிப்படையில் என்று சொல்லிக் கழித்தார்கள். இனி அங்கே போனால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, உங்கள் நிறுவனத்தையே நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள்.

*வெளிநாட்டு அழைப்பு வரி, ஆனால் நான் யாருக்கும் போடவில்லை.* அழைப்புப் பட்டியலைப் பாருங்கள். ஒரே ஒரு ரிங் விட்டு வெட்டுகிற, + போட்டு 91 அல்லாத எண்ணில் தொடங்கும் மிஸ்டு கால் வந்திருக்கிறதா? யாரோ என்று நினைத்துத் திருப்பிக் கூப்பிட்டிருப்பார்கள். அது ஐஎஸ்டி, நிமிடக் கணக்கில் ஏறும். மோசடிக்காரன் எதிர்பார்ப்பதே அதைத்தான். அழைப்பு உங்கள் போனிலிருந்து போயிருப்பதால் வாதம் பலவீனம்தான், ஆனாலும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். ஐஎஸ்டி தேவைப்படாதவர்கள் ஆப்பிலேயே அடைத்துவிடுங்கள். போனின் அழைப்புப் பட்டியலில் இல்லாத அழைப்புகள் பில்லில் மட்டும் இருந்தால், கால் ஃபார்வர்டிங் (அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது) யாராவது போட்டுவிட்டார்களா என்று அழைப்பு அமைப்புகளில் பாருங்கள். தெரியாத எண் அங்கே இருந்தால் விஷயம் பில்லோடு நிற்காது. ஓடிபி அழைப்புகளும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். உடனே எடுத்துவிட்டு வங்கிக்குச் சொல்லுங்கள், 1930-க்கும் சொல்லுங்கள்.

அறிகுறி 5: என்னுடையதே இல்லாத எண்ணுக்கு, அல்லது விட்டுவிட்ட எண்ணுக்கு பில்

வேறு நிறுவனத்துக்குப் போர்ட் ஆன பிறகு வருவது கடைசி பில். போர்ட் ஆன நாள் வரைக்கும்தான் வாடகை இருக்க வேண்டும். முதலில் டெபாசிட் கட்டியிருந்தால் அதைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். சின்னத் தொகைதானே என்று அலட்சியமாக விட்டால், பழைய நிறுவனம் புது நிறுவனத்திடம் சொல்லி உங்கள் சிம்மையே நிறுத்த முடியும். பாக்கியைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. வீட்டுக்கடன் கேட்கப் போன இடத்தில் 412 ரூபாய் போன் பாக்கி வந்து நிற்கும்.

எண்ணே தெரியாதது என்றால், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ ஆப்பிலோ உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். உங்களுடையது அல்லாததை அங்கேயே 'என் எண் இல்லை' என்று குறிக்கலாம். ஆதார் நகலைக் கண்ட கடையில் கொடுத்துவிட்டு வருவதன் பலன் இது. இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும் கஸ்டமர் கேரோடு நிற்காமல் காவல்துறையிலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். பில்லைக் கேட்டு வசூல் ஆட்கள் வந்தால் அந்த ரசீதைக் காட்டலாம்.

அறிகுறி 6: ப்ரீபெய்டில் பணம் கரைகிறது

அறிகுறி 2-இல் சொன்னதே. 155223-ஐ முதலில் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால், ப்ரீபெய்டுக்கும் விவரப் பில் கேட்கலாம். கடந்த ஆறு மாதத்துக்குள் எந்தக் காலத்துக்கும், 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 2012-இல் ட்ராய் கொண்டுவந்த விதி. பல ஷோரூம் ஊழியர்களுக்கே இது தெரியாது.

வரியைக் கண்டுபிடித்தாயிற்று. இனி யாரிடம்?

*முதல் படி: 198.* உங்கள் எண்ணிலிருந்தே கூப்பிடுங்கள், இது புகாருக்கான இலவச எண். பேசி முடித்ததும் டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) கேட்டு வாங்குங்கள். "நோட் பண்ணிக்கிட்டோம் சார், பார்த்துக்கறோம்" என்பது புகார் ஆகாது. டாக்கெட் எண் இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் பேசவே இல்லை. ஷோரூமுக்கு நடப்பது வீண் என்பது என் கருத்து. அங்கே இருப்பவர்கள் சிம் விற்பவர்கள், அவர்கள் திரையிலும் உங்கள் ஆப்பில் தெரிவதுதான் தெரியும்.

அதே நாளில் மெயிலும் போடுங்கள். எங்கள் கடையில் எழுதிக் கொடுப்பது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"இந்த எண்ணுக்கான இம்மாதப் பில்லின் 3ஆம் பக்கத்தில் 'கேம்ஸ்' என்ற பெயரில் 5, 12, 19, 26 ஆகிய தேதிகளில் தலா 49 ரூபாய், ஆக 196 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டி 35.28 ரூபாயும், மொத்தம் 231.28 ரூபாய் போடப்பட்டிருக்கிறது. இந்தச் சேவையை நான் கேட்கவில்லை. என் சம்மதப் பதிவு இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் இந்தத் தொகையை நீக்கித் திருத்திய பில்லை அனுப்புங்கள். தகராறு இல்லாத மீதித் தொகையை இன்று கட்டிவிட்டேன், ரசீது இணைப்பில். இது முடியும்வரை சேவையை நிறுத்த வேண்டாம், தாமதக் கட்டணம் போட வேண்டாம். டாக்கெட் எண்: …"

தகராறு இல்லாத பகுதியைக் கட்டிவிடுவது முக்கியம். முழுசாகக் கட்டாமல் வீம்பு பிடித்தால் அவுட்கோயிங்கை வெட்டுவார்கள், பிறகு பேச்சு பில்லிலிருந்து இணைப்புக்குத் தாவிவிடும். வங்கி ஓடிபி எல்லாம் அந்த எண்ணில்தானே வருகிறது. ஆப்பில் தொகையை மாற்றிப் போட விடுகிறார்கள், வழக்கமான தொகையைப் போடுங்கள்.

பில் புகாருக்கு நான்கு முதல் ஆறு வாரம் அவகாசம் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ் வரும். பல நேரம் ஒன்றுமே தீர்ந்திருக்காது. அதை அழிக்காதீர்கள், அடுத்த படிக்கு அதுதான் சீட்டு.

*இரண்டாம் படி: மேல்முறையீடு.* ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. முகவரியும் மெயிலும் நிறுவனத்தின் தளத்தில் அடியில், பொடி எழுத்தில் இருக்கும். பதில் வந்த நாளிலிருந்தோ, பதில் வராமல் அவகாசம் முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். கட்டணம் இல்லை. 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 198-இல் பேசியவரிடம் கத்திக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள், இந்தப் படியில் ஏறுகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் கைக்காசு செலவில்லாமல் காரியம் நடக்கிற படி இதுதான்.

ட்ராய்க்கு எழுதலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ட்ராய் விதி போடும் அமைப்பு, தனிநபர் புகாரை அது தீர்ப்பதில்லை. அரசுப் பக்கம் போக வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையின் 1063, அல்லது மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் நிறுவனத்துக்கு எடுத்துப் போவார்கள். மேல்முறையீட்டு எண்ணோடு போனால் மதிப்பு அதிகம்.

*மூன்றாம் படி: மாவட்ட நுகர்வோர் ஆணையம்.* "டெலிபோன் தகராறுக்கு நுகர்வோர் கோர்ட் போக முடியாது" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2009-இல் வந்த ஒரு தீர்ப்பை வைத்து அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குஜராத்தின் அகமதாபாத்தில் ஒருவருக்குச் சராசரியாக மாதம் 555 ரூபாய் பில் வந்துகொண்டிருந்தது. 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான பில் 24,609.51 ரூபாய். அவரும் கார்டில் ஆட்டோபே வைத்திருந்தவர்தான். அவர் போட்ட வழக்கில், 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எதிராகவும் நுகர்வோர் மன்றம் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. போகலாமா கூடாதா என்பதற்கே அத்தனை வருடம். அந்தச் சண்டையை நமக்காக அவர் போட்டு முடித்துவிட்டார்.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆன்லைனிலும் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை.

*எப்போது வக்கீல்?* என் கணக்கு இது. ஐந்தாயிரத்துக்குள் என்றால் மேல்முறையீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வக்கீல் பீஸே அதைத் தாண்டும். அதற்கு மேல் போய், மேல்முறையீடும் தள்ளுபடி ஆகி, கையில் டாக்கெட் எண், மெயில், இரண்டு பில், ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இருந்தால் நீங்களாகவே ஆணையத்தில் போடலாம். கம்பெனி பெயரில் பல இணைப்பு இருக்கும் பில், உங்கள் ஆவணத்தில் யாரோ சிம் வாங்கிய விவகாரம், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்ட பாக்கி, இந்த மூன்றுக்கும் முதல் நாளே வக்கீலைப் பாருங்கள். வசூல் ஏஜெண்ட் போனில் மிரட்டுவது நோட்டீஸ் ஆகாது. "புகார் நிலுவையில் இருக்கிறது, டாக்கெட் எண் இது, எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிடுங்கள்.

ஜெயித்த பிறகு

பணம் பெரும்பாலும் வங்கிக்கு வராது, அடுத்த பில்லில் மைனஸாக வரும். முடிவு சொன்ன ஒரு வாரத்துக்குள் கணக்கில் ஏற வேண்டும். 196 மட்டும் கழித்துவிட்டு 35.28 ஜிஎஸ்டியை மறந்துவிடுவது வழக்கம், அதையும் தாமதக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். நிறுத்திவைத்த ஆட்டோபேயைத் திரும்பத் தொடங்கும்போது, யுபிஐ மேண்டேட்டில் உச்சவரம்பு கேட்கும் இடத்தில் வழக்கமான பில்லைவிட ஒரு நூறு ரூபாய் மட்டும் கூட வையுங்கள். அந்த டீச்சருக்கு 700 என்று வைத்துக் கொடுத்தேன்.